பழுப்பின் நியாயம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கோல்ஃப் மைதானங்களை மூடியிருக்கும் பெர்முடா புல் வேறொன்றுமில்லை. நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் நான். என்னிடம் வரும் மனுதாரருக்கு அருகு ஓயாத களை. அவரேதான் மகள் கல்யாணத்தில் அருகுபோல் வேரோடச் சொல்லி வாழ்த்துகிறார். இந்த முரண் பழையது. என்னைப் பிடித்துக்கொண்டது அருகின் குளிர்காலம்.

மண்ணின் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அருகு இலையைக் கைவிடுகிறது. மேலே வைக்கோல் நிறம். கீழே கிழங்கில் சேமிப்பும் உயிரும். அப்போது, இலையுதிர்காலத்தில் முளைத்த போவா அன்னுவா என்ற களைப்புல், பழுப்பின் நடுவே பச்சைத் திட்டுகளாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதன்மேல் கிளைபோசேட் தெளிக்கிறார்கள். 1974இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து பச்சை இலை வழியே புகுந்து வேலை செய்கிறது. விழித்திருக்கும் களை சாகிறது. முழுக்க உறங்கும் அருகு பிழைக்கிறது. அருகில் பச்சை மீந்திருந்தால் அதற்கும் சேதம்தான். ஆனால் ஒரே மருந்தை வருஷாவருஷம் தெளித்த மைதானங்களில் அதற்கு மசியாத போவா கிளம்பிவிட்டது. ஒரே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு அலையும் விமர்சகன் இதை யோசிக்கலாம்.

இன்னொரு வழக்கம், பழுப்பை மறைப்பது. இலையுதிர்காலத்தில் அருகின்மேல் ரை புல் விதையைத் தூவுகிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பச்சை. வசந்தத்தில் அருகு எழ முயலும்போது ரை அதன் வெளிச்சத்தையும் நீரையும் பறித்துக்கொள்கிறது. ஆடுபவனின் கண்ணுக்காக அருகு இளைக்கிறது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தை 2011இல் பழைய கோலத்துக்குத் திருப்பினார்கள், நீரைக் குறைத்தார்கள். 2014இல் அங்கே அமெரிக்க ஓபன் நடந்தபோது, டெலிவிஷனில் பழுப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பலர்.

எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவர் ஆறு வருஷமாக எழுதவில்லை. மலர்களுக்குக் கேட்கிறார்கள், கொடுப்பதில்லை. முடிந்துபோனவர் என்று நண்பர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள். மௌனத்தையே ஒரு சாதனையாக்கி அவருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. உறங்கும் புல்லும் செத்த புல்லும் ஜனவரியில் ஒரே நிறம். குளிரில் நிஜமாகவே செத்துப்போகிற அருகும் உண்டு.

மைதானக்காரர்களிடம் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. குளிர்காலத்தின் கடைசியில் வேரோடும் மண்ணோடும் ஒரு துண்டு புல்லை வெட்டியெடுத்து, கதகதப்பான இடத்தில் வைத்து, நீர் விட்டுச் சில வாரம் காத்திருப்பார்கள். துளிர்க்கிறதா என்பதுதான் கேள்வி. அவருடைய பழைய தொகுப்பை இந்த மாதம் எடுத்து வைத்திருக்கிறேன். தினம் இரண்டு கவிதை, அவசரமில்லாமல். தீர்ப்பு அதற்கப்புறம்.