வலிக்காத இடம்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பிற்பகல், ஜொகூர் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் பியாயில் திரளான மக்கள் கூடியிருந்தனர். நிலவு சூரியனின் நடுப்பகுதியை மறைத்தது. அதனைச் சுற்றி நெருப்பு வளையம் ஒன்று தோன்றியது. அதனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை பல நாள்களுக்கு முன்பிருந்தே சொல்லப்பட்டு வந்தது. சூரியனைப் பார்த்தால் கண் கூசும், கூசினால் மூடிக்கொள்ளலாமே, இதற்கு எதற்கு இத்தனை எச்சரிக்கை என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். கிரகணத்தின்போது வெளிச்சம் குறைவதால் கூச்சமும் குறைகிறது. பார்ப்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குள் கண்ணின் பின்புறமுள்ள விழித்திரை வெந்துபோகும். ஆனால், அவருக்கு வலிக்காது. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை.

கண்ணின் முன்புறம் இதற்கு நேர்மாறானது. அதனை மூடியுள்ள மெல்லிய படலத்தில் நரம்புகள் நிறைந்துள்ளன. ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் நீண்ட கழியில் பொருத்திய அரிவாளால் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். மேலிருந்து விழும் ஒரு துரும்பு கண்ணில் பட்டால் அவர் அப்போதே கழியைக் கீழே போட்டுவிடுவார். வலி அவரை நிறுத்தும், மருத்துவரிடமும் அனுப்பும். அதே மனிதரின் விழித்திரையை ஒரு நோய் ஐந்தாண்டுகளாக அரித்துக்கொண்டிருந்தாலும் அவர் மரத்துக்கு மரம் நடந்துகொண்டே இருப்பார்.

அந்த நோய்க்கு மலேசியத் தமிழர் இல்லங்களில் ‘இனிப்பு நீர்’ என்று பெயர். மருத்துவ வழக்கில் நீரிழிவு நோய். பெயர் இனிமையாக இருப்பதாலோ என்னவோ, அதன்மீது பலருக்கு அச்சம் குறைவு. கால் புண் ஆறாது, விரலை எடுக்க நேரிடும் என்பதெல்லாம் பலருக்குத் தெரியும். அது கண்ணையும் தாக்கும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை.

விழித்திரைக்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்பவை தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரையின் அளவு ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர் நலிவடைகிறது. சில இடங்களில் குழாய் சிறு கொப்புளம்போல் உப்புகிறது; சில இடங்களில் கசிகிறது; சில இடங்களில் அடைத்துக்கொள்கிறது. கசிந்த நீர் விழித்திரையின் மையத்தில் தேங்கினால் எழுத்தும் முகமும் மங்கும். இரத்தம் கிடைக்காத பகுதி புதிய குழாய்களை வளர்க்கத் தூண்டும். அவை உறுதியற்றவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டக் கூடியவை. அப்போதுதான் பார்வையின் குறுக்கே கறுப்புப் புள்ளிகளும் நூலாம்படை போன்ற இழைகளும் மிதக்கின்றன. பலர் மருத்துவரைத் தேடி ஓடுவது அந்தக் கட்டத்தில்தான். அதுவரை இரு கண்களில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்து வந்திருக்கும்.

இதனை எங்கோ நடக்கும் கதையாகக் கருத இயலாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, நாட்டின் பெரிய இனங்களுள் இதுவே மிக அதிகம். நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். 2014ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசியக் கண் ஆய்வு 50 வயதைக் கடந்தோரைப் பரிசோதித்தது. பார்வையிழப்புக்கு முதற்காரணமாகக் கண்புரையும் அதற்கடுத்ததாக நீரிழிவு விழித்திரை நோயும் அதில் தெரிய வந்தன. கண்புரையை அறுவை சிகிச்சையால் அகற்றிப் பார்வையை மீட்கலாம். விழித்திரை கெட்டபின் பெரும்பாலும் அவ்வாறு மீட்க இயலாது.

வீடுகளில் கண்ணைப் பற்றிப் பேச்செழுந்தால் பழி முழுவதும் கைப்பேசியின்மீதே விழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. கண் உலர்ந்து எரிகிறது. பிள்ளைகள் வெளியில் விளையாடும் நேரம் குறைந்து, அருகில் பார்க்கும் வேலை கூடும்போது கிட்டப்பார்வையும் வளர்கிறது. மாலையில் திடலுக்குச் செல்வது இதற்கு நல்ல தடுப்பு. ஆயினும், ‘கைப்பேசியைக் கீழே வை’ என்று பிள்ளையை அதட்டும் பெற்றோரின் கையில் அன்றைய மூன்றாவது தே தாரிக் இருக்குமானால், அந்த வீட்டில் யாருடைய பார்வைக்கு ஆபத்து மிகுதி என்பதைச் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் பல குடும்பங்களின் நாள் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் நெரிசலுக்கு முன் பாலத்தைக் கடந்தாக வேண்டும். உறக்கம் குறைவு. காலையுணவு, கிடைத்த இடத்தில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் கலந்த தேநீரும். மாலையில் மீண்டும் அதே வரிசை. வீடு சேரும்போது இருட்டிவிடும். நடைப்பயிற்சிக்கு நேரம் எங்கே? மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சிங்கப்பூர் வெள்ளியில் ஒரு நாள் சம்பளம் போகும். வலிக்காத கண்ணுக்காக அதனை இழக்க மனம் வருமா? இத்தகையவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது நியாயமன்று. உணவுக் கடையில் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லிப் பழகுவது எளிது. வேலை நேரத்தை மாற்றுவது எளிதன்று.

இந்நோய் செய்யும் ஏமாற்று ஒன்றும் உண்டு. கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படிக்க இயலாத ஒருவர், திடீரென ஒரு வாரம் கண்ணாடியின்றியே எழுத்துகளைப் படிக்கிறார். ‘கண்ணு தெளிஞ்சிருச்சு’ என்று வீட்டில் எல்லாரும் மகிழ்கின்றனர். உண்மையில், இரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் கண்ணின் வில்லை உப்பிக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருக்கலாம். தூரத்திலுள்ள சாலைப் பலகை மங்கியிருப்பதை அவர் கவனித்திருக்கமாட்டார். கண்புரை முற்றத் தொடங்கும்போதும் இவ்வாறு நேர்வதுண்டு. மருந்தினால் சர்க்கரை இறங்கியதும் வில்லை பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி செய்துகொள்பவருக்கு அடுத்த மாதமே அது பொருந்தாது. கண்ணாடிக் கடைக்காரர்தான் வசை வாங்குவார்.

சிகிச்சை இல்லையா? உண்டு. அதன் கதை மீண்டும் ஒரு கிரகணத்திடமே செல்கிறது. 1945ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோன ஒரு மாணவரை ஜெர்மனியில் கெர்ட் மாயர்-ஷ்விக்கெராத் என்ற கண் மருத்துவர் பரிசோதித்தார். வெந்த இடத்தில் தழும்பு ஏற்பட்டிருந்தது. ஒளியால் இப்படிச் சுட முடியுமானால், நோயுற்ற விழித்திரையை வேண்டிய இடத்தில் மட்டும் சுட்டுச் சரிசெய்யலாமே என்று அவர் சிந்தித்தார். முதலில் கூரையிலிருந்து ஆடிகளின் வழி சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?’ என்று கேட்ட நம் முன்னோர் இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! பின்னர் செயற்கை விளக்கு வந்தது. அதன்பின் லேசர் வந்தது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் உள்ளன. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் கண் மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆனால், இந்தச் சிகிச்சைகளின் முதன்மை நோக்கம் எஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பதே. மையத்தில் தேங்கிய நீர் வற்றினால் பார்வை ஓரளவு தெளியலாம். பார்க்கும் உயிரணுக்கள் அழிந்துவிட்டால் அவை திரும்பி வருவதில்லை.

அந்தக் கட்டத்திற்குச் செல்லாமல் தடுக்கவும் வழி உண்டு. பிரிட்டனில் 1977இல் தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஓர் ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு குறைந்தது. இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தியவர்களுக்கும் அவ்வாறே குறைந்தது. ஆகவே, இனிப்பைக் குறைத்துவிட்டு உப்பை மறந்துவிடுவது அரைகுறை வேலை.

நடுத்தர வயதில் நீரிழிவு கண்டறியப்படுபவர் அன்றே கண்ணையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நோய் பல ஆண்டுகளாக மறைந்திருந்து அப்போதுதான் வெளிப்பட்டிருக்கக் கூடும். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது மருத்துவர் சொல்லும் இடைவெளியில். குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் செலுத்தும் கட்டணம் ஒரு ரிங்கிட். விழித்திரையைப் படம் எடுக்கும் கருவி பல கிளினிக்குகளில் உள்ளது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, விளக்கைப் பார்த்தபடி சில நொடிகள் அசையாமல் இருந்தால் போதும். படத்தில் சிவப்புப் புள்ளிகளோ கசிவோ தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பலரைத் தயங்க வைப்பது படம் எடுப்பதற்கு முன் கண்ணில் விடும் சொட்டு மருந்து. அது கண்மணியை விரிய வைக்கும். பல மணி நேரத்துக்கு எழுத்து மங்கும். வெயிலைப் பார்க்க இயலாது. மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டக் கூடாது. தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தவர், வரிசையில் காத்திருந்தும் ‘இன்னொரு நாள் வருகிறேன்’ என்று திரும்பிவிடுவது இதனால்தான். அந்த இன்னொரு நாள் சிலருக்கு ஆண்டுகள் கழித்தே வருகிறது. ஒரு துணை இருந்தால் இந்தத் தடை நீங்கும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையே அதற்குப் போதும். பள்ளி விடுமுறையில் ஒரு காலைப் பொழுது, ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, திரும்பிவரப் பேருந்துக்கோ வாடகைக் காருக்கோ கொஞ்சம் பணம். மருந்துச் சீட்டிலுள்ள அடுத்த தேதியை அப்பா அன்று படிக்க முடியாது. உடன் சென்ற பிள்ளைதான் படித்துச் சொல்ல வேண்டும்.