பெயரும் உழைப்பும்

2023ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில், தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஒன்று மாத்தளையை வந்தடைந்தது. மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்த அப்பயணம், கோப்பித் தோட்டங்களை நாடிக் காட்டுவழியே நடந்து, பசியாலும் கொள்ளைநோயாலும் இடைவழியில் மாண்டோர்க்கு அஞ்சலியாகவும் அமைந்தது. தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர்கள் நிலைத்தன. காட்டை வெட்டித் தோட்டமாக்கியோரின் பெயர்களோ மறைந்தன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவர்தம் வழிவந்தோரை ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே பதிந்தது. அவர்களுட் பலர் இன்று தம்மை ‘மலையகத் தமிழர்’ என அழைக்குமாறு கோருகின்றனர். வெறும் பெயருக்காகவா இத்துணை வாதம் என்று கேட்போர் உளர். அன்னோர், இதனோடு தொடர்பேதுமற்ற கணினியுலகில் எழுந்த வழக்கொன்றை நோக்குதல் நன்று.

1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய இயங்குதளம் ஒன்றை ஆக்குவதற்கு ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். பலர் கூடிப் பல்லாண்டு உழைத்து அதன் உறுப்புகளை ஆக்கினர். கருநிரல் மட்டும் நிறைவுறாதிருந்தது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் கருநிரல் ஒன்றை வெளியிட்டார். இரண்டும் இணைந்தன, முழுமைக்கும் ‘லினக்ஸ்’ என்ற பெயரே வழங்கலாயிற்று. தற்பெருமையாகும் என்று டோர்வால்ட்ஸ் ஒதுக்கிய பெயரையே, கோப்புகளை வைக்கச் சேவையகத்தில் இடமளித்தவர் இட்டுவிட்டார் என்பது சுவையான செய்தி.

‘க்னூ/லினக்ஸ்’ என்று கூறுவதே முறை என ஸ்டோல்மன் வாதித்தார். டெபியன் குழுவினர் அவ்வழக்கை ஏற்றனர், பலர் ஏற்றிலர். அத்தளத்தில் வேறு பலரது ஆக்கங்களும் உள்ளனவே, அவர் அனைவரது பெயரையும் கோத்துக்கொண்டே போவதா என்பது அவர்தம் வினா.

இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பழைய உரிமம், மென்பொருளை விளம்பரப்படுத்துவோர் தன் பெயரைக் குறிப்பிடல் வேண்டும் என விதித்தது. பிறரும் அவ்விதியைத் தத்தம் பெயருக்கு மாற்றிக்கொண்டனர். 1997ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி பதிப்பொன்றில் அத்தகைய 75 வாசகங்களை எண்ணிக் காட்டி, அவ்விதியை எதிர்த்தவரும் ஸ்டோல்மனே! 1999இல் பல்கலைக்கழகம் அதனை நீக்கியது.

இவ்விரு நிலைகளும் தம்முள் முரணுமோ எனின், முரணா எனலாம். அந்த 75 வாசகங்களும் உரியோரைச் சுட்டுவன. ‘க்னூ’ என்பதோ ஸ்டோல்மனின் பெயரன்று. பலர் கூடி வகுத்த நோக்கத்தின் பெயர். அப்பெயர் மறையின், பயன்பெறுவோர் விலையின்மையை அறிவர், உரிமையை அறியார். எனினும், அத்திட்டத்தின் உரிமம் பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்கலாகாது எனப் பணித்ததேயன்றி, இப்பெயரை வழங்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் நின்றுவிடும் இடத்தில் நன்றியுணர்வே பேச வேண்டியுள்ளது.

மாத்தளை வழியில் வீழ்ந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கல்லிற் பொறித்தல் இனி இயலாது. அதனாலேயே, அவர் வழிவந்தோர் தமக்கெனத் தெரிந்துகொண்ட பொதுப்பெயரை மறுத்தல் சிறு பிழையாகாது.