டிரெடில் அக்கா

கம்ப்யூட்டர் தெரியாதவர்களைக் கேலி செய்வதை ஒரு திறமையாகவே வளர்த்து வைத்திருந்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நடந்தது ஏதோ கைத்தவறு போலத் தெரியும். கை தவறவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எங்கள் வட்டத்தில் ஒரு நகைச்சுவை உண்டு. கோளாறு எங்கே என்று கேட்டால், நாற்காலிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் என்போம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள்தான் கோளாறு என்று அர்த்தம். சர்வீஸ் சீட்டில் எழுத ஒரு சங்கேதமும் இருந்தது. I, D, பிறகு 10 என்ற எண், பிறகு T. வாடிக்கையாளர் அதை எரர் நம்பர் என்று நினைத்துக்கொள்வார். ஆங்கில எழுத்தில் சேர்த்துப் படித்தால் முட்டாள் என்று வரும். அவர் கண்ணெதிரில் எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்குவோம். சிடி டிரேயை டம்ளர் வைக்கும் தட்டு என்று நினைத்தவர், 'எனி கீ'யை அழுத்தச் சொன்னதும் அந்தப் பெயரில் ஒரு கீயைத் தேடியவர் என்று உலகம் சுற்றி வந்த கதைகளை நேரில் பார்த்த மாதிரி சொல்வேன். ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

2008இல் மதுரையில் சில அச்சகங்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், எடுத்திருந்தேன். சின்ன வயது. அப்போது உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். அதை எப்போதும் பையில் வைத்திருப்பேன். மற்றவர்கள் விண்டோஸோடு மல்லுக்கட்ட, நான் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பவன் என்ற மிதப்பு.

ஓர் அச்சகத்தில் ஓர் அக்கா டிடிபி வேலை பார்த்தார். ஈய எழுத்துகளைப் பொறுக்கி அச்சுக்கோத்து, டிரெடில் என்ற பழைய அச்சு இயந்திரத்தில் ஓட்டிய காலத்திலிருந்து அங்கே இருப்பவர். ஆஃப்செட் வந்தபோது கீபோர்டுக்கு மாறினார். கையெழுத்துப் பிரதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேஜ்மேக்கரில் பக்கம் பக்கமாக அடிப்பார். ஃபைல் எந்த டிரைவில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் விழிப்பார். அந்த விழிப்பைத்தான் நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் போன் செய்தார். "தம்பி, பெட்டிக்குள்ள டக்கு டக்குன்னு சத்தம் வருது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. டிரெடில்ல பேரிங் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் சத்தம் மாறும்."

நான் சொன்னது: "அக்கா, இது டிரெடில் இல்ல, கம்ப்யூட்டரு."

போகவில்லை. அன்று சாயங்காலமே நண்பர்களிடம் அவர் குரலில் பேசிக் காட்டினேன். நல்ல சிரிப்பு கிடைத்தது. 'டிரெடில் அக்கா' என்று பெயர் வைத்ததும் நான்தான். அவர் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர் சொன்னது சரி. ஹார்ட் டிஸ்க்கும் சுழலும் இயந்திரம்தான். உள்ளே தகடுகள் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும். அவற்றின் மேல் படாமல், ஆனால் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஹெட் நகரும். தான் இருக்கும் தடத்தைப் படிக்க முடியாமல் போனால் அது பின்னுக்குப் போய் மறுபடி வரும். திரும்பத் திரும்ப அப்படிப் போய்வரும் சத்தம்தான் டக்கு டக்கு. எங்கள் ஆட்களே இதற்குச் சாவுச் சத்தம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் தெரியும். டிஸ்க் தன் பழுதான இடங்களைத் தானே எண்ணி வைத்துக்கொள்ளும் என்பதும் தெரியும். அதைக் காட்டும் இலவச மென்பொருள் என் பென் டிரைவில் இருந்தது. பார்க்க ஒரு நிமிடம் போதும். சத்தம் வருகிறது என்று சொன்னவர் ஒரு பொறியாளராக இருந்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சில நாளில் மறுபடி போன் வந்தது. ஃபைல் திறக்க ஒரு யுகம் ஆகிறது என்றார். இந்த முறை போனேன். அவசரமாகப் போனேன். அன்று மாலை நண்பர்கள் கூடுகிறார்கள், நான்தான் பேச வேண்டும்.

தவறு நடந்த இடம் இதுதான், நிறுத்திச் சொல்கிறேன். சத்தம் என் காதிலும் விழுந்தது. சாகப்போகிற டிஸ்க்கில் முதல் வேலை, அதில் இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுப்பது. லினக்ஸில் அதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும். ஆனால் அதற்குக் காலி டிஸ்க் ஒன்று வாங்கி வரவேண்டும், பக்கத்திலேயே உட்கார வேண்டும். நான் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓடவிட்டேன், பழுதான இடங்களையும் தேடிச் சரிசெய்யும் முறையில். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். மூச்சுத் திணறும் ஆளை மாடிப்படி ஏறவிடுவது மாதிரி. தெரிந்தே செய்தேன். "ராத்திரி முழுக்க ஓடட்டும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கூட்டத்தில் நான் பேசியது பேக்கப் பற்றி. வேண்டுமென்று ஜோடித்தது போல இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. டாய் ஸ்டோரி 2 என்ற அனிமேஷன் படத்துக்கு நேர்ந்த கதையைச் சொன்னேன். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் அழிக்கும் ஒரு வரிக் கட்டளையைத் தட்டிவிட்டார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தின் ஃபைல்கள் மறைந்தன. பேக்கப்பும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. எல்லோரும் ரசித்தார்கள். கட்டளையைத் தட்டியது யார் என்று தேடுவதில் அங்கே நேரம் செலவிடவில்லை என்பதைப் பிக்ஸார் தலைவராக இருந்த எட் கேட்மல் பின்னாளில் எழுதியபோது படித்தேன். நான் செய்தது அதற்கு நேர்மாறு.

காலையில் அக்காவின் ஃபோல்டர் காலி. ஃபவுண்ட்.000 என்று புதிதாக ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயரில்லாத துண்டுகள். பேஜ்மேக்கர் ஒன்றையும் திறக்கவில்லை. அந்தத் துண்டுகளையாவது காப்பி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் டிஸ்க் நின்றுவிட்டது. ஏ.எம்.சி.யில் பேக்கப் எடுப்பதும் என் வேலைதான். எடுக்கவில்லை.

போனது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதிய புத்தகம். இரண்டாம் புரூஃப் திருத்தி முடிந்திருந்தது. கையெழுத்துப் பிரதி இருந்தது. திருத்திய புரூஃப் தாள்கள் பழைய பேப்பரோடு போய்விட்டன, திருத்தம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று.

அச்சக முதலாளி என்னிடம் காரணம் கேட்டார். அந்த ஒரு அச்சகம் போனால் அவர் சொல்லி வந்த மற்ற இரண்டு ஒப்பந்தங்களும் போகும். பயந்தேன். அப்போது தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. வாய்க்கு வசதியான பொய் கையருகிலேயே இருந்தது. "கரன்ட் போறப்ப ஷட் டவுன் பண்ணாம அப்படியே விட்டிருக்காங்க சார், அதான் டிஸ்க் அடிவாங்கிருச்சு" என்றேன். யுபிஎஸ் கத்தியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அக்கா தமிழில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருந்த தாள் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"நான் ஒழுங்கா நிறுத்திட்டுத்தான் போவேன் தம்பி. சத்தம் வருதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

"அது ஃபேன் சத்தம்க்கா" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. சர்வீஸ் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'யூஸர் எரர்' என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். முதலாளி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நம்பினார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அக்காவுக்கு மட்டும் போனஸ் இல்லை. புத்தகத்தை மறுபடி அடிக்க வேண்டும், அதுவும் வேலை நேரம் முடிந்தபிறகு, சம்பளம் இல்லாமல். மாலையில் கரன்ட் போனால் அது வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்து, வந்தபிறகு அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஆசிரியர் முழுப் புத்தகத்தையும் மறுபடி படித்தார். முதல்முறை பிடித்த பிழைகளில் சில இரண்டாம் முறை கண்ணில் படவில்லை. ஊர்க் கண்மாய் வெட்டிய வருஷம் தப்பாகவே அச்சாகி வந்தது. அந்த வருஷத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவர் ஆவணக் காப்பகத்துக்கு அலைந்தாராம்.

என் ஏ.எம்.சி. அடுத்த ஆண்டும் புதுப்பிக்கப்பட்டது. கட்டணத்தைக் கூட்டியும் கேட்டேன். கொடுத்தார்கள்.

அக்கா அதன்பிறகும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார், டீ வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் சொன்னார். ஆனால் எந்தக் கோளாறையும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். மானிட்டர் மங்கினால் மங்கலிலேயே அடித்தார். வேறு யாராவது பார்த்து என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அச்சகம் இப்போது இல்லை. முதலாளியும் இல்லை. அதனால் அவரிடம் உண்மையைச் சொல்லும் வாய்ப்பு போய்விட்டது என்று நான் வருத்தப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் இருந்த வருஷங்களில் மாதம் ஒருமுறை அவருக்கு எதிரில் உட்கார்ந்து பில் கொடுத்தவன் நான்.

அக்கா வைகைக்கு வடகரையில் மகன் வீட்டில் இருக்கிறார். தெரு தெரியும். அந்த வழியாக வண்டியில் போயிருக்கிறேன், நிறுத்தியதில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிடுவாரோ என்றுதான் பயம். அந்தத் தீபாவளிக்கு அவருக்கு வரவேண்டியிருந்த போனஸ் 3,000 ரூபாய். அதை நான் இன்னும் கொடுக்கவில்லை.