வெள்ளி நகரில் ஒரு நடை

மெக்சிகோவின் குவானாஹுவாட்டோ நகரைக் காண ஊர்தியால் பெரும்பயன் இல்லை. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில், மலையிடுக்கில் நெருங்கிக் கிடக்கும் அந்நகரின் சந்துகள் பல, படிக்கட்டுகளாகவே ஏறி இறங்குகின்றன. நகரின் நடுவே ஓடி, வெள்ளக்காலத்தில் வீடுகளுள் புகுந்த ஆற்றினைத் திருப்பிவிட்டு, அதன் பழைய வழியைச் சாலையாக்கினர். இன்று ஊர்திகள் நிலத்தடியில் விரைய, மேலே மக்கள் நடக்கின்றனர்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கண்ட வெள்ளியால் வளர்ந்த ஊர் இது. வலென்சியானா சுரங்கத்தருகே அச்செல்வம் பொன்வண்ணப் பீடங்களுடன் தேவாலயமாக நிற்கிறது. அதனை வியப்போர், இருண்ட சுரங்கத்திலிருந்து கனிமக்கல்லை முதுகில் சுமந்து ஏறியவர்களையும் எண்ணுதல் தகும்.

அல்ஹோந்திகா என்னும் தானியக் களஞ்சியத்தின் முன் நடை தானே தளர்கிறது. 1810 செப்டம்பரில், பாதிரியார் மிகேல் இதால்கோவின் விடுதலைப் படைக்கு அஞ்சிய ஸ்பானியர் தம் செல்வத்தோடு இதனுள் புகுந்தனர். பிபிலா எனப்பட்ட சுரங்கத் தொழிலாளி, கற்பலகையை முதுகில் தாங்கித் தவழ்ந்து சென்று கதவுக்குத் தீயிட்டான் என்பது அம்மக்கள் போற்றும் செய்தி. குண்டுகளை அன்று தடுத்ததும் சுமந்து பழகிய முதுகே! கதவு வீழ்ந்தபின் உள்ளிருந்தோர் பலர் கொன்று குவிக்கப்பட்டனர். விடுதலை வரலாற்றில் இப்பக்கத்தை மறைத்தல் அறமன்று.

மறு ஆண்டு, இதால்கோ உள்ளிட்ட தலைவர் நால்வரின் தலைகள் இரும்புக் கூண்டுகளில் இக்கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிடப்பட்டன. பத்தாண்டுகள், விடுதலை கிட்டிய 1821 வரை, அவை அங்கேயே இருந்தன. இன்று அக்களஞ்சியம் அருங்காட்சியகம். அந்நால்வரின் பெயர்கள் அதே மூலைகளில் பொறிக்கப்பட்டுள்ளன.