பூட்டி வச்ச சத்தம்

பாட்டு சுலபத்துல தொலையாது மக்களே. ஒரு தடவை வெளியே வந்துட்டா ஆயிரம் பேரோட போன்ல, கம்ப்யூட்டர்ல போய் உட்கார்ந்துக்கும். தொலையிறது அந்தப் பாட்டைச் செஞ்ச சத்தங்கள்தான். ஒரு மியூசிக் ப்ரொட்யூசரோட (நம்ம ஊர்ல ப்ரொட்யூசர்னா பணம் போடுறவர், இவர் சத்தம் போடுறவர்!) கிக், ஸ்நேர், அவர்கிட்ட மட்டுமே இருக்கிற ஒரு கைதட்டல்... "அட, இது அந்தாளு வேலையாச்சே"ன்னு ரெண்டே செகண்ட்ல நம்மளைச் சொல்ல வைக்கிற சாம்பிள்கள்.

இதை ஒளிச்சு வைக்கிற பழக்கம் ரொம்பப் பழசு. 1970கள்ல நியூயார்க் பிராங்ஸ்ல டிஜே கூல் ஹெர்க், ரெக்கார்டு மேல இருக்கிற லேபிளைத் தண்ணியில ஊற வச்சு உரிச்சுடுவாராம். பக்கத்துல நிக்கிறவன் எட்டிப் பார்த்தாலும் என்ன ரெக்கார்டுன்னு தெரியாது. தொழில் ரகசியம்!

ஆனா ஒளிச்சு வைக்கிறதும் பத்திரமா வைக்கிறதும் ஒண்ணு இல்லை. வூ-டாங் கிளான் குழுவோட ரிஸா, ஸ்டேட்டன் ஐலண்ட்ல வீட்டு அடித்தளத்துல ஸ்டுடியோ வச்சிருந்தார். 1990களின் நடுவுல அங்கே வெள்ளம் புகுந்துச்சு. நூற்றுக்கணக்கான பீட்டுகள் போச்சு. இன்ஸ்பெக்டா டெக்குக்காகச் செஞ்சு வச்சிருந்ததும் அதோட போச்சு. அவரோட முதல் தனி ஆல்பம் 1999லதான் வந்தது. குழுவோட 1993 ஆல்பத்தை இன்னிக்கும் யாரும் கேட்கலாம். வெள்ளத்துல போனதை ரிஸாவே கேட்க முடியாது.

நேர் எதிர் கதையும் இருக்கு. 1969ல வின்ஸ்டன்ஸ் குழுவோட 'ஆமென், பிரதர்' பாட்டுல கிரிகரி கோல்மன் ஏழு செகண்ட் டிரம்ஸ் வாசிச்சார். அதை ஆயிரக்கணக்கான பாட்டுல வெட்டி ஒட்டிட்டாங்க. உலகமே பேக்கப் எடுத்து வச்சிருக்கு, இனி அழியாது. ஆனா அந்த சாம்பிள்களுக்காக அவருக்கு ராயல்டின்னு ஒரு பைசா வரலை. 2006ல இறந்துட்டார்.

ஆக, திருட்டுக்குப் பயந்தா ஒரே இடத்துல பூட்டணும், அழிவுக்குப் பயந்தா பல இடத்துல வைக்கணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்குது. என்னைக் கேட்டா அழிவுக்குத்தான் முதல்ல பயப்படணும். திருடு போன சத்தத்துக்கு சண்டையாவது போடலாம். தண்ணிகிட்ட யாரு சண்டை போடுறது?

பொழுதுபோக்கா நானும் ராத்திரியில ஏதோ தட்டிக்கிட்டு இருக்கிற ஆள். என்னோட ஸ்நேர் எது தெரியுமா? ஊர்ல எங்க பழைய வீட்டுக் கதவோட இரும்புத் தாழ்ப்பாள். அப்பா ராத்திரி போடுறப்ப "டக்"குனு ஒரு சத்தம். வீட்டை வித்தாச்சு, வாங்கினவங்க இடிச்சும் கட்டியாச்சு. அப்பாவும் இல்லை. அரை செகண்ட் ஃபைல் ஒண்ணுதான் மிச்சம். கோடி ரூபா கொடுத்தாலும் மறுபடி பதிவு பண்ண முடியாது.

அதனால நான் கடைப்பிடிக்கிறது இதுதான்:

1. மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்துல, அதுல ஒண்ணு வேற ஊர்ல. என்னோடது தங்கச்சி வீட்டு பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில :-)

2. சாஃப்ட்வேரை நம்பாம எல்லாத்தையும் வேவ் ஃபைலா மாத்தி வைக்கிறது. ப்ளகின் கம்பெனி கடையைச் சாத்தினாலும் வேவ் ஓடும்.

3. வெறும் சிங்க் பேக்கப் ஆகாது. இங்கே அழிச்சா அங்கேயும் அழியும்.

4. ஆறு மாசத்துக்கு ஒருதடவை காப்பியைத் திறந்து காதால கேட்கிறது. திறக்காத காப்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உங்ககிட்டயும் அப்படி ஒரு சத்தம் இருக்கும், பாட்டியோட குரலோ எதுவோ. மொதல்ல ரெண்டு காப்பி எடுத்துட்டு, அப்புறமா வந்து என்ன சத்தம்னு சொல்லுங்க.