பாயச ஜவ்வரிசிக்குப் பின்னால் ஒரு போர்... கல்வராயன் மலையடிவாரம் சொல்லும் கதை!

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில், ஆத்தூரைத் தாண்டும்போது பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நீல நிறத்தில் நீண்டு படுத்திருக்கும் கல்வராயன் மலை, சின்னசேலம் தாண்டி கள்ளக்குறிச்சி வரை கூடவே வரும். மலைக்கும் சாலைக்கும் நடுவே கரும்பு, நெல், மக்காச்சோளம். இடையிடையே, கையை விரித்தாற்போன்ற இலைகளோடு ஆளுயரச் செடிகள். அதுதான் மரவள்ளி. இந்தப் பக்கத்து மக்களின் வாயில் குச்சிக்கிழங்கு.

அறுவடைக் காலத்தில் வந்தால் இன்னொரு காட்சியும் உண்டு. ஆலைகளின் சிமென்ட் களங்களில் வெள்ளை வெளேரென்று ஏதோ காய்ந்துகொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் உப்பளம் என்று நினைப்பார்கள். அது ஜவ்வரிசி. நம் வீட்டுப் பாயசத்துக்கும் வடாமுக்கும், மகாராஷ்டிராவில் விரத நாள் கிச்சடிக்கும் போகிற அதே ஜவ்வரிசி.

இந்த வெள்ளைக் களங்கள் இங்கே வந்த கதையைத் தேடிப் போனால், அது டோக்கியோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே நடந்த ஒரு சண்டையில் போய் நிற்கிறது.

எண்ணெயை நிறுத்தினார்கள்... ஜவ்வரிசி நின்றது!

மரவள்ளிக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்து, அங்கே ஏழைகளின் சோறாகிவிட்ட கிழங்கு. ஆனால், ஜவ்வரிசியாக நம் கடைகளுக்கு வந்த சரக்கோ மலேயா, சிங்கப்பூர், ஜாவா பக்கமிருந்து கப்பலேறி வந்தது.

1941-ல் ஜப்பான் சீனாவோடு போரில் இருந்தது. அந்த ஜூலையில் அதன் படைகள் தெற்கு இந்தோசீனாவுக்குள், அதாவது இன்றைய வியட்நாம் பக்கம் இறங்கின. உடனே அமெரிக்கா தன் நாட்டில் இருந்த ஜப்பானியப் பணத்தையும் சொத்துகளையும் முடக்கியது. அடுத்து எண்ணெயையும் நிறுத்தியது. பிரிட்டனும் நெதர்லாந்தும் அதே வழியில் போயின. ஜப்பான் எரித்த எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய வாடிக்கை இருந்தால் இரண்டு நாடுகளும் சண்டை போடத் தயங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், அந்த வாடிக்கையே கழுத்துக் கயிறாக மாறியது.

எண்ணெய் தீர்வதற்குள் ஜாவா, சுமத்ராவின் எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்துவிட வேண்டும் என்று ஜப்பான் முடிவு செய்தது. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் மீது குண்டு வீசிய கையோடு மலேயாவிலும் படை இறக்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மாதம் ரங்கூனும் ஜாவாவும் விழுந்தன. பர்மா அரிசி நின்றது. கூடவே ஜவ்வரிசியும் நின்றது.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி இருந்தார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்குக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் வித்தை தெரியும். இருவரும் சேர்ந்து 1943 வாக்கில், கைவசம் இருந்த சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு சேலத்தில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு திரும்பி வந்தபோது, உள்ளூர் உற்பத்தியாளர்கள் அரசிடம் முறையிட்டு அந்த இறக்குமதிக்குத் தடை வாங்கினார்கள். தொழில் பிழைத்தது. சேலம், ஆத்தூர், சின்னசேலம் என்று கிழக்கே பரவி, கள்ளக்குறிச்சி வரை ஆலைகள் வந்தன. 1981-ல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

யாரோ யாரையோ மடக்கப் போட்ட தடை, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஊருக்குத் தொழில் கொடுத்துவிட்டுப் போனது.

பாயிண்ட் பார்த்து விலை!

ஆலைக்குள் நுழைந்தால் புளித்த மாவின் வாசம் மூக்கில் ஏறும். லாரியில் வரும் கிழங்கைத் தோல் சீவிக் கழுவி, அரைத்து, பாலாக வடிகட்டுகிறார்கள். தொட்டிகளில் அந்தப் பால் தெளிந்து, அடியில் மாவு கட்டியாக இறங்கும். ஈர மாவைக் குலுக்கக் குலுக்க, அது குருணை குருணையாக உருளும். சலித்து, சூட்டில் வாட்டி, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனமாகப் போகிறது.

கிழங்குக்கு விலை வைப்பது எடையை மட்டும் பார்த்து இல்லை. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று அளந்து, அதைப் ‘பாயிண்ட்’ கணக்கில் சொல்வார்கள். பாயிண்ட் ஏறினால் விலை ஏறும், இறங்கினால் இறங்கும். எட்டு மாதம், பத்து மாதம் காத்திருந்த விவசாயியின் லாப நஷ்டம் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. இந்தப் பாயிண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறும் வழியில் அது மறுபடியும் வரும்.

உப்புக்குக் கீழே இறங்கிய மலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால், மலை தொடங்கும் இடத்தில் கோமுகி அணை. 1960-களில் கட்டியது. அணையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். வழியில் பெரியார் அருவி. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் நீர் நன்றாக விழும், கூட்டமும் அதிகம் இருக்காது. மேலே வெள்ளிமலை, இந்த மலை வட்டத்தின் தலைமையிடம். கீழே வியர்த்த உடம்புக்கு இங்கே காற்று சுகமாக இருக்கும்.

மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேச்சு தமிழ்தான். சாமை, தினை, மரவள்ளி விளைகின்றன. காட்டில் கடுக்காயும் தேனும் கிடைக்கும். பல தலைமுறைகளாக இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்கும் வழக்கமும் இருந்தது. 1976-ல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது.

மலையில் எல்லாம் விளைந்தாலும் உப்பு விளையாது. அதற்குக் கீழேதான் இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஒரே ஒரு பாதை, வாங்குவதற்கு ஒரே ஒரு கடை என்றால், கடைக்காரர் சொல்வதுதான் விலை. உலக வியாபாரத்தின் சூட்சுமத்தை இந்த மலையில் உட்கார்ந்தே புரிந்துகொள்ளலாம். கொடுக்கல் வாங்கல் இருக்கிறவரை உறவு. மாற்று வழி இல்லாதவருக்கு அந்த உறவே பிடி.

பெலாரஸிலிருந்து வரும் சிவப்பு உப்பு

இன்றைக்குக் கல்வராயன் அடிவாரம் வேறொரு உப்புக்குக் காத்திருக்கிறது. அது பொட்டாஷ். உரக்கடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்குமே, அதுதான். கிழங்குப் பயிர்களுக்குச் சாம்பல் சத்து உயிர். இறவை மரவள்ளிக்குத் தழைச்சத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சாம்பல் சத்து போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதைக் குறைத்தால் கிழங்கில் மாவு குறையும். மாவு குறைந்தால் பாயிண்ட் குறையும்.

இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் இல்லை. வேண்டியதெல்லாம் கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் என்று வெளியிலிருந்துதான் வருகிறது. உலக ஏற்றுமதியில் ரஷ்யாவும் பெலாரஸும் சேர்ந்து சுமார் 40 சதவீதம் வைத்திருந்தன.

2021 மே மாதம், தன் வான்வெளியில் பறந்த ஒரு பயணிகள் விமானத்தைப் பெலாரஸ் வலுக்கட்டாயமாகத் தரையிறக்கி, அதில் இருந்த எதிர்க்கட்சிப் பத்திரிகையாளரைக் கைது செய்தது. கோபம் கொண்ட ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அதன் பொட்டாஷ் மீது தடை போட்டன. பெலாரஸுக்குக் கடல் இல்லை. பக்கத்து லிதுவேனியாவின் துறைமுகம் வழியாகத்தான் சரக்கு வெளியே போக வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் லிதுவேனியா அந்த வழியை மூடியது. அதே மாதம் 24-ம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது.

2021 ஏப்ரலில் டன் 280 டாலருக்கு ஒப்பந்தம் போட்ட இந்தியா, 2022 பிப்ரவரியில் 590 டாலருக்குக் கையெழுத்திட்டது. மத்திய அரசு மானியம் கொடுத்தும், ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது. யூரியா விலை மட்டும் மூட்டைக்கு 266 ரூபாய் சொச்சத்திலேயே நின்றது. அரசு அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. விளைவு என்ன ஆகும்? மலிவானதை அள்ளிப் போட்டு, விலை ஏறியதைக் குறைக்கத் தோன்றும். செடி பச்சைப் பசேலென்று வளரும். மண்ணுக்குள் கிழங்கில் மாவு இறங்காது. பெலாரஸின் அதிபரைத் தண்டிக்கப் போட்ட தடை, சின்னசேலத்தில் ஒரு பாயிண்ட் கருவியின் முள்ளைக் கீழே இறக்கிவிடும்.

தண்டனை பலித்ததா? துறைமுகம் போனதும் பெலாரஸ் ரஷ்யத் துறைமுகங்களுக்கும், சீனாவுக்குப் போகும் ரயில்களுக்கும் திரும்பியது. மாஸ்கோவிடமிருந்து பிரிக்க நினைத்த நாடு, மாஸ்கோவோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. உரமும் காலப்போக்கில் வேறு வழியாகச் சந்தைக்கு வந்தது. விலையும் இறங்கியது. ஆனால், அந்த ஓர் ஆண்டுப் பயிர் திரும்பி வரவில்லை.

சோளக்கொல்லைக்கு வந்த சண்டை

மலையிலிருந்து இறங்கினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துக் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது. எத்தனால் ஆலைகளும் இப்போது மக்காச்சோளம் கேட்கின்றன.

2025 மார்ச்சில், அமெரிக்காவின் வரிக்குப் பதிலடியாகச் சீனா அமெரிக்க மக்காச்சோளம் மீது 15 சதவீதம் கூடுதல் வரி போட்டது. வாங்கும் ஆளைத் தேடிய அமெரிக்காவின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. 140 கோடிப் பேர் இருக்கும் நாடு எங்களிடம் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ மக்காச்சோளம்கூட வாங்குவதில்லையே என்று அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக் செப்டம்பரில் வெளிப்படையாகவே குறைப்பட்டார். அதற்கு முன்பே, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக என்று சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு வரி 50 சதவீதமாகியிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் திகைத்து நின்றன.

அமெரிக்காவில் ஒருவரிடம் நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும். மரபணு மாற்றிய விதை, பெரிய இயந்திரங்கள். இங்கே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர், வானம் பார்த்த பூமி. அந்தச் சோளத்துக்குக் கதவைத் திறந்தால் இந்தக் கொல்லை தாங்காது. திறக்காவிட்டால் திருப்பூருக்கு அடி விழும். டெல்லியில் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எடைபோட வேண்டியது இந்த இரண்டு தமிழ்நாட்டுக் குடும்பங்களை.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா என்றால், அதுவும் இல்லை. 2022-ல் இந்தியா நொய்யரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியையும் நிறுத்தியது. உள்ளூர் விலை ஏறாமல் இருக்க எடுத்த முடிவு அது. நம் நொய்யை நம்பியிருந்த செனகல் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் அடுப்புகள் தடுமாறின. நாம் மூடிய கதவு அது.

மாலை வெயிலில் ஒரு களம்

வெயில் சாயும் நேரத்தில் களத்து ஜவ்வரிசியைக் கூட்டி அள்ளுவார்கள். பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். பின்னால் கல்வராயன் மலை நீலத்திலிருந்து கறுப்பாக மாறிக்கொண்டிருக்கும். 80 ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல்வழி அடைபட்டதால் கிடைத்த பிழைப்பு இது. இன்றைக்கு இன்னொரு கடல்வழி அடைபட்டால் ஆட்டம் காணும் பிழைப்பும் இதுதான்.

வல்லரசுகள் ஒருவரையொருவர் அடிக்கக் கை ஓங்கும்போது, ஓங்கிய இடத்தில் மட்டும் அடி விழுவதில்லை. 1943-ல் சேலம் செய்ததுபோல் மாற்று வழியைச் சொந்தமாக வைத்திருக்கும் ஊர் தப்பிக்கிறது. மரவள்ளிக் கொல்லைக்குத் தொழு உரம், சாம்பல், மண் பரிசோதனை என்று நம் வேளாண் துறை திரும்பத் திரும்பச் சொல்வதில் அந்த மாற்று வழியும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. முழுப் பொட்டாஷுக்கும் அது ஈடாகாது. ஆனால், ஒற்றைக் கடையை நம்பியிருக்கும் நிலை சற்றுக் குறையும்.

அடுத்த முறை பாயசத்தில் கண்ணாடிபோல் மிதக்கும் ஜவ்வரிசியைப் பார்க்கும்போது, இந்த மலையடிவாரத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ரயிலில் வருபவர்கள் சின்னசேலத்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடிக்கலாம். அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் உண்டு.

* அருவிகளுக்கு மழைக்காலத்தை ஒட்டிய மாதங்கள் ஏற்றவை. கனமழை நாட்களில் பாறைகளில் இறங்க வேண்டாம்.

* வெள்ளிமலை தாண்டினால் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. அந்த வழியாகவும் இறங்கலாம்.

* மலையில் கடைகள் குறைவு. தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.