சொல்ல முடியாத குளிசை

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஏழு வருசமா எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறா. ஒரு நாளைக்கு ஒரு குளிசை. இரத்தப் பரிசோதனையில் வைரஸ் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலை தொடரும்வரை உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குத் தொற்றாது. "இப்ப எனக்கு எச்.ஐ.வி.யை விட கிட்னியை நினைச்சுத்தான் பயம்" என்று போன மாசம் சொன்னா.

அந்தக் குளிசையில் இருக்கும் மருந்துகளில் ஒன்று டெனோபோவிர். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. பெரும்பாலானவர்களுக்கு அது பெரிய தொல்லை தருவதில்லை. ஆனால் உடலை விட்டு வெளியேற அதற்குள்ள வழி சிறுநீரகம்தான். சிலருக்கு அங்குள்ள நுண்குழாய்க் கலங்களில் தேங்கி அவற்றைப் பழுதாக்கும். பிறகு உடலுக்குத் தேவையான பொஸ்பேற்றும் புரதமும் சிறுநீரோடு போகும், எலும்பும் பலவீனமாகும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? வயதானவர்கள், நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள், ஏற்கனவே சிறுநீரகம் பழுதானவர்கள், உடல் எடை குறைந்தவர்கள். அக்கா 42 கிலோ. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்தவர்களுக்கு அந்த இலக்கம் நல்லாய் இருப்பதுபோலக் காட்டிவிடும். அதனால்தான் வயது, எடை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள்.

டெனோபோவிரின் புதிய வடிவம் 2015இல் வந்தது. 300 மில்லிகிராமுக்குப் பதில் 25 போதும். சிறுநீரகத்துக்குச் சுமை குறைவு. கிலியட் நிறுவனம் அந்த ஆய்வை 2004இல் நிறுத்தி, 2010இல்தான் திரும்பத் தொடங்கியது. லாபத்துக்காகத் தாமதித்தார்கள் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அதை மறுக்கிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. அக்காவுக்கு முதுகு நோ. பாமசியில் டைக்ளோபெனாக் வாங்குவா. டெனோபோவிரோடு சேர்ந்தால் அது சிறுநீரகத்துக்குக் கூடாது. "வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்பா. ஊருக்குள்ள பாமசி. பக்கத்தில நிற்கிறது தெரிஞ்ச ஆக்கள். வேற என்னத்தைச் சொல்லுறது?

பயத்தில் மருந்தை விடுவதும் தீர்வில்லை. வைரஸ் திரும்பப் பெருகினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்போதைக்கு அக்காவும் நானும் ஒரு வசனம் கண்டுபிடித்திருக்கிறோம்: "எனக்குக் கிட்னி செக் பண்ணிக்கொண்டிருக்கினம், இந்த நோக் குளிசை எடுக்கலாமோ?" பொய்யில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. கிளினிக்கில் மட்டும் எல்லாக் குளிசையின் பெயரையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு முதுகு நோவுக்கு மருந்து வாங்க இப்படி வசனம் பாடமாக்க வேண்டியிருக்கிறதே, அந்த வெட்கத்தை அக்காவுக்குக் கொடுத்தது நாங்கள்தான்.